எத்தனை யூனிட் பேட்டரி வேண்டும்? இராமநாதபுரம் கடற்கரைக்கு மின்சாரக் கார் வாங்குவோருக்கான கணக்கு

கடலுக்குப் போகும் படகுக்காரர் டீசல் நிரப்பும்போது, தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்குவதில்லை. எவ்வளவு தூரம் போக வேண்டும், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, திரும்பும்போது எதிர்க்காற்றில் எஞ்சின் எவ்வளவு குடிக்கும் என்று எண்ணிப் பார்த்த பிறகே லிட்டரைச் சொல்வார். “போறதுக்கு ஒரு பங்குன்னா, வாறதுக்கு ஒண்ணரைப் பங்கு வைங்க தம்பி” என்று பாம்பனில் ஒரு பெரியவர் எப்போதோ சொன்னது, மின்சாரக் கார் வாங்க நினைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. கார் நிறுவனத்தின் பொறியாளர்களும் பேட்டரியின் அளவை ஏறத்தாழ இப்படித்தான் முடிவு செய்கிறார்கள். ஆனால் அவர்கள் அதை நாடு முழுவதற்குமான ஒரு சராசரி ஓட்டுநரை மனத்தில் வைத்துச் செய்கிறார்கள். தொண்டிக்கும் சாயல்குடிக்கும் இடையே ஓட்டப் போகிறவர் அதே கணக்கைத் தனக்காக ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு தாளும், கைப்பேசியில் உள்ள கால்குலேட்டரும் போதும்.

விளம்பரத்தாளில் பேட்டரியின் அளவு கிலோவாட் மணியில் தரப்பட்டிருக்கும். நம் வீட்டு மின்கட்டணக் கணக்கில் வரும் யூனிட்டும் அதுவும் ஒன்றே என்பதால், இங்கே யூனிட் என்றே சொல்கிறேன். 45 கிலோவாட் மணி பேட்டரி என்றால் 45 யூனிட் பிடிக்கும் தொட்டி, அவ்வளவுதான்.

தொட்டியின் அளவைப் பார்க்கும் முன், கார் 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் குடிக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். விளம்பரத்தாளிலிருந்தே இதை எடுக்கலாம்: பேட்டரி யூனிட்டைச் சான்றளிக்கப்பட்ட தூரத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். டாடா நெக்ஸான் மின்சாரக் கார் 2020-இல் வந்தபோது அதன் பேட்டரி 30.2 யூனிட், சான்றளிக்கப்பட்ட தூரம் 312 கிலோமீட்டர். ஆக, நூறு கிலோமீட்டருக்கு 9.7 யூனிட் ஆகிறது. 2024-இல் அதே காரில் 45 யூனிட் பேட்டரியும் 489 கிலோமீட்டரும் வந்தன, இதில் 9.2 யூனிட். பேட்டரியைப் பாதி அளவு பெரிதாக்கியும் குடிக்கும் அளவு கூடாமல் சற்றே குறைந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நிறுவனம் தொட்டியைப் பெரிதாக்கியதோடு நிற்கவில்லை, சிக்கனத்தையும் கூடவே மேம்படுத்தியிருக்கிறது என்பதற்கு இந்த வகுத்தல் ஒரு நல்ல அடையாளம். இரண்டு கார்களை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

ஒப்பிடுவதற்குத்தான் அந்த எண் உதவும். பயணத்தைத் திட்டமிட உதவாது. இந்தியச் சோதனை முறையில் வேகம் 90 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை, பெரும்பகுதி நகர வேகத்தில் நடக்கிறது, ஏசி ஓடுவதில்லை. நம்முடைய கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏசியைப் போட்டுக்கொண்டு நிலையாக ஓட்டுவது வேறு கதை. நடுத்தர அளவுள்ள, சுமார் 1,500 கிலோ எடையுள்ள, கொஞ்சம் உயரமான ஒரு காருக்குச் சக்கர உராய்வு, காற்றுத்தடை, மோட்டாரில் வீணாகும் பங்கு, ஏசிக்கு ஏறக்குறைய 1.2 கிலோவாட் ஆகியவற்றைச் சேர்த்து நான் போட்ட கணக்கில், காற்று அடங்கிய நாளில் 60 கிலோமீட்டர் வேகத்தில் நூறு கிலோமீட்டருக்கு 11 யூனிட்டும், 80-இல் 13.6 யூனிட்டும், 100-இல் 17.5 யூனிட்டும் வருகின்றன. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தில் (வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்காக) கூடுவதால்தான் கடைசி இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு இவ்வளவு விலை. உங்கள் கார் சிறியதென்றால் எண்கள் குறையும், பெரியதென்றால் கூடும்; ஏறும் விகிதம் மட்டும் பெரிதாக மாறாது.

காற்றைக் கணக்கில் சேர்ப்பது

வேறு ஊர்க்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். நமக்கு இதுதான் முக்கியம்.

காருக்குத் தெரிவது தரையின் வேகம் இல்லை, முகத்தில் மோதும் காற்றின் வேகம். எண்பதில் ஓட்டும்போது எதிரே 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், காற்றுத்தடையைப் பொறுத்தவரை நீங்கள் 105-இல் ஓட்டுகிறீர்கள். தடை 1.7 மடங்காகிறது, மேலே சொன்ன 13.6 யூனிட் 19-ஐத் தொடுகிறது. அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 9.7 யூனிட்டாக இறங்குகிறது. போகும்போது நட்டம் 5.4, வரும்போது லாபம் 3.9, ஆகவே போக வரச் சரியாகிவிடும் என்ற எண்ணம் தவறு. ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, யூனிட் பறப்பதைக் காரின் திரையிலேயே பார்க்கலாம்.

நம் கடற்கரைச் சாலையின் அமைப்பு இதை இன்னும் கூர்மையாக்குகிறது. தொண்டி, தேவிப்பட்டினம், இராமநாதபுரம், ஏர்வாடி, சாயல்குடி, தூத்துக்குடி என்று போகும் அந்தச் சாலை மொத்தத்தில் வடகிழக்கிலிருந்து தென்மேற்காகக் கிடக்கிறது. நமக்கு வரும் இரண்டு பருவக்காற்றுகளும் அதே கோட்டில்தான் வருகின்றன. ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது தூத்துக்குடி நோக்கிப் போவது எதிர்க்காற்று. மார்கழியில் வாடை இறங்கும்போது தொண்டிப் பக்கம் போவது எதிர்க்காற்று. குறுக்கே அடித்துவிட்டுப் போகும் காற்று இங்கே குறைவு, நேரே வந்து நெஞ்சில் மோதுவதே அதிகம். சென்ற ஆடியில் ஏர்வாடியைத் தாண்டிச் சாயல்குடி நோக்கிப் போனபோது, பயணக் கணக்கைப் பூச்சியமாக்கிவிட்டுத் திரையைக் கவனித்தேன். ஊருக்குள் 11 என்று நின்ற எண், பனைமரங்களின் மட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்த வெட்டவெளிக்கு வந்ததும் 18-க்கு ஏறி அங்கேயே நின்றது. வேகத்தை 65-க்கு இறக்கியபின் 14-க்கு வந்தது. மற்ற எந்தச் சிக்கன வழியையும்விட, எதிர்க்காற்று நாளில் வேகத்தை இறக்குவது உடனே பலன் தருகிறது.

ஆகவே, வாங்கும் முன் ஓட்டிப் பார்க்கும்போது ஊர்ச் சந்தையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வராதீர்கள். காற்று எழுந்த பிறகு, பிற்பகலில், கடற்கரைச் சாலையில் பத்துக் கிலோமீட்டர் ஒரே வேகத்தில் போய், திரும்பி வந்து, இரண்டு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் பெரிய எண்ணை வைத்துத்தான் பேட்டரியின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

நிறுவனம் எதையெல்லாம் கூட்டிக் குறைக்கிறது

விளம்பரத்தாளைச் சரியாகப் படிக்க, அதன் பின்னால் நடந்த பேரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பேட்டரிப் பெட்டிக்குள் இருப்பவை சிறு சிறு செல்கள். இரும்பு பாஸ்பேட் வகைச் செல் ஒன்றின் மின்னழுத்தம் 3.2 வோல்ட், நூறு செல்களைத் தொடராக இணைத்தால் 320 வோல்ட். மோட்டாரும் அதன் கட்டுப்பாட்டுக் கருவியும் இந்த மின்னழுத்தத்தை நம்பி வடிவமைக்கப்படுவதால், செல்களின் எண்ணிக்கையை விருப்பம்போல் மாற்ற முடியாது. ஒவ்வொரு செல்லும் 120 ஆம்பியர் மணி பிடிக்குமானால், 320-ஐ 120-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க, மொத்தம் 38.4 யூனிட், அதே நூறு இடத்தில் 150 ஆம்பியர் மணிச் செல்லை வைத்தால் 48 யூனிட். ஒரே காரில் சிறிய பேட்டரி, பெரிய பேட்டரி என்று இரண்டு வகை விற்கப்படுவதன் உள்விவரம் பல நேரங்களில் இவ்வளவுதான். காரின் உடல் மாறுவதில்லை. நிசான் லீஃப் 2010-இல் 24 யூனிட்டோடு வந்து, பின்னர் 30, 40, 62 என்று வளர்ந்ததும் ஏறக்குறைய அதே அளவுள்ள தரைப்பரப்புக்குள்தான்.

முதலில் வந்தவை ஏன் அவ்வளவு சிறியவை என்றால், விலை. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆனது; எரிசக்திச் சந்தையை ஆராயும் ப்ளூம்பெர்க்என்இஎஃப் நிறுவனத்தின் கணக்கெடுப்பின்படி 2024-இல் அது சராசரியாக 115 டாலர். விலை இறங்க இறங்க, காரைச் சிக்கனமாக்கப் பாடுபடுவதைவிடப் பேட்டரியைப் பெரிதாக்கிவிடுவது நிறுவனத்துக்கு எளிதாகிவிட்டது. மெர்சிடிஸ் நிறுவனம் 2022-இல் இதற்கு எதிர்த்திசையில் ஒரு சோதனைக் காரைச் செய்து காட்டியது: நூறு யூனிட்டுக்குச் சற்றுக் குறைந்த பேட்டரியோடு ஜெர்மனியிலிருந்து தென் பிரான்சு வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போனது, நூறு கிலோமீட்டருக்கு 8.7 யூனிட்தான் குடித்தது. அதன் உடல் நீர்த்துளிபோல் வழவழப்பாக, தாழ்வாக இருந்தது. நம் சந்தையிலோ உயரமான, முகம் தட்டையான கார்களுக்கே மவுசு. அந்த உயரத்தின் விலையைப் பேட்டரியில் கட்டுகிறோம்.

பெரிய பேட்டரியின் எடை காரின் சிக்கனத்தைக் கெடுக்கும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மலைப்பாதையில் அது உண்மை. கொடைக்கானலுக்கு ஏறுவதற்கு மட்டுமே 10 யூனிட் அளவுக்குச் செலவாகும்; எடை கூடினால் அதுவும் கூடும். ஆனால் நம் மாவட்டத்தில் ஏற்றம் என்று சொல்ல என்ன இருக்கிறது? பாம்பன் பாலத்தின் முதுகைத் தவிர எல்லாம் தட்டைத் தரை. 15 யூனிட் கூடுதல் பேட்டரி நூறு கிலோ அளவுக்கு எடையைக் கூட்டினாலும், சமதளத்தில் நிலையான வேகத்தில் அதனால் நூறு கிலோமீட்டருக்கு 0.3 யூனிட்தான் அதிகமாகும். எதிர்க்காற்று எடுத்துக்கொள்ளும் ஐந்து யூனிட்டின் முன் இது ஒரு பொருட்டே இல்லை. இங்கே பெரிய பேட்டரிக்கு எதிரான வாதம் எடையில் இல்லை, பணத்தில் இருக்கிறது.

அடுத்து, மொத்தக் கொள்ளளவும் பயன்படும் கொள்ளளவும் ஒன்றல்ல. செல்கள் முற்றிலும் நிரம்பினாலும் முற்றிலும் காலியானாலும் சீக்கிரம் தேய்வதால், நிறுவனம் மேலும் கீழும் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறது. ஃபோக்ஸ்வாகன் ஐடி.3 காரின் ஒரு வகையில் 62 யூனிட் இருந்தும் 58-தான் கிடைக்கிறது. ஆடி இ-ட்ரான் 95 யூனிட் பேட்டரியில் முதலில் 83.6-ஐத் திறந்துவிட்டு, பிறகு 86.5 ஆக்கியது, ஒரு செல்லும் கூடவில்லை, ஒதுக்கீடு மட்டும் சுருங்கியது. டெஸ்லா 2016-இல் விற்ற ஒரு வகைக் காரில் 75 யூனிட் பேட்டரியை மென்பொருளால் 60-க்குப் பூட்டி வைத்திருந்தது. 2017 செப்டம்பரில் இர்மா புயலுக்காக ஃபுளோரிடாவில் மக்கள் ஊரைக் காலி செய்தபோது, அந்தப் பூட்டைச் சில நாட்களுக்குத் திறந்துவிட்டது. புயலுக்கு ஊரைவிட்டு ஓடிய அனுபவம் உள்ள கடற்கரைக்காரர்களுக்கு அந்தச் செய்தியின் அருமை புரியும். ஆகவே விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது: “இதில் பயன்படும் யூனிட் எவ்வளவு?” அவருக்குத் தெரியாவிட்டால், விளம்பர எண்ணில் நூற்றுக்கு ஐந்தைக் கழித்துவிட்டு மேலே போங்கள்.

கீழக்கரையிலிருந்து ஒரு கணக்கு

ஒரு மாதத்துக்கு நீங்கள் போன இடங்களையும் தூரத்தையும் நாட்காட்டியில் குறித்து வாருங்கள். பெரும்பாலானோருக்கு இரண்டே வகைப் பயணம்தான் தெரியவரும்: அன்றாட ஓட்டம், எப்போதாவது மதுரை.

கீழக்கரையில் வீடு, இராமநாதபுரத்தில் வேலை என்றால் போக வர 35 கிலோமீட்டர், ஐந்து யூனிட். எந்தச் சிறிய பேட்டரியும் இதற்குத் தாராளம். மதுரை விமான நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ போய் அன்றே திரும்புவதென்றால் ஏறக்குறைய 260 கிலோமீட்டர். காற்று அதிகமில்லாத நாளுக்கு நூறுக்கு 14 யூனிட் வீதம் (உங்கள் கணக்கில் நீங்கள் எழுதிவைத்த பெரிய எண்ணைப் போடுங்கள்) 36.4 யூனிட் ஆகிறது. பேட்டரி 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால், 36.4-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும்: 43. எட்டு ஆண்டில் பேட்டரி தேய்ந்து எண்பது விழுக்காடாகும் என்று எடுத்துக்கொண்டு, அதை மீண்டும் 0.8-ஆல் வகுத்தால் 54. எங்கும் நிறுத்திச் சார்ஜ் போடாமல், எட்டாம் ஆண்டிலும் மதுரை போய் வர, பயன்படும் கொள்ளளவு 54 யூனிட் வேண்டும்.

இப்போது அதே பயணத்தை மதுரையில் ஒருமுறை சார்ஜ் போட்டுக்கொள்வதாக வைத்துப் பார்க்கலாம். ஒரு வழிக்கு 18.2 யூனிட். போய்ச் சேர்ந்த இடத்தில் சார்ஜர் வேலை செய்யாவிட்டால் இன்னொன்றைத் தேடிப் போக 30 கிலோமீட்டருக்கு 4.2 யூனிட், இதை ஒருபோதும் விடாதீர்கள், வேலை செய்யாத சார்ஜரின் முன் குடும்பத்தோடு நின்ற ஒரு மாலை எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது. மொத்தம் 22.4; இரண்டு முறை வகுத்தால் 33. ஆக, கேள்வி 35 யூனிட்டா 55 யூனிட்டா என்பதாகச் சுருங்குகிறது. மதுரைப் பயணம் மாதம் ஒருமுறை என்றால், அரைமணி நேரத் தேநீர் இடைவேளைக்குப் பயந்து 20 யூனிட் பேட்டரியை எட்டு ஆண்டுகள் சுமக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. வாரம் இருமுறை விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வாடகைக் கார் என்றால் என் கருத்து நேர்மாறாகும்.

பெரிய பேட்டரி வாங்குவோர் வீட்டுச் சார்ஜையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 15 ஆம்ப் பிளக்கில் மணிக்கு 3 யூனிட் அளவில்தான் ஏறும். பத்து மணி நேரத்தில் 30 யூனிட் இழுத்தால், இழப்பு போகப் பேட்டரிக்குள் 26 போய்ச் சேரும். 55 யூனிட் பேட்டரி காலியாக வந்தால் ஓர் இரவில் நிரம்பாது. சுவரில் பொருத்தும் 7 கிலோவாட் சார்ஜரும், அதற்கேற்ற மின்சுமை அனுமதியும் வேண்டும். மணற்பாங்கான மனைகளில் எர்த் சரியாக நிற்காததால் சார்ஜர் பழுதுக் குறியைக் காட்டி நின்றுவிடுவதும் உண்டு. காரை வாங்கும் முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தை அளக்கச் சொல்லுங்கள்.

வெயிலும் உப்பும்

மேலே 0.8 என்று எடுத்த தேய்மான எண் உங்கள் கையிலும் இருக்கிறது. பேட்டரியை வேகமாக முதுமையாக்குவது வெப்பமும் நிறைசார்ஜும் சேர்ந்த நிலை. திரவக் குளிரூட்டல் இல்லாத லீஃப் கார்கள் அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் 2012-லேயே கொள்ளளவை இழக்கத் தொடங்கியதால், வெப்பநாட்டில் குளிரூட்டல் எவ்வளவு அவசியம் என்பது எல்லா நிறுவனங்களுக்கும் புரிந்தது. எனவே திரவக் குளிரூட்டல் உண்டா என்று கேளுங்கள். இரும்பு பாஸ்பேட் அல்லாத, நிக்கல் கலந்த வகைப் பேட்டரி என்றால் அன்றாடம் 80 விழுக்காட்டோடு நிறுத்துவது நல்லது. இரும்பு பாஸ்பேட் வகைக்கு ஆயுள் அதிகம், வெப்பத்தையும் கூடுதலாகத் தாங்கும், ஆனால் ஒரே எடைக்குக் குறைவான யூனிட்தான் பிடிக்கும். அதன் மின்னழுத்தம் நடுவில் ஏறக்குறைய மாறாமல் இருப்பதால், மீதி எவ்வளவு என்பதைக் கார் சரியாக அறிய, கையேடு சொல்லும் இடைவெளியில் நூறு வரை ஏற்ற வேண்டும். எடை பொருட்டில்லாத, வெயில் மிகுந்த நம் தட்டைக் கரைக்கு நான் இந்த வகையைத்தான் தேர்ந்தெடுப்பேன். எதுவானாலும், நூறு விழுக்காடு ஏற்றிவிட்டு நாள் முழுதும் வெயிலில் நிறுத்தாதீர்கள். புறப்படும் நேரத்துக்குச் சற்று முன் நிறையும்படி வையுங்கள்.

பேட்டரிப் பெட்டிகள் பொதுவாக ஐபி67 தரத்தில், ஒரு மீட்டர் நீரில் அரைமணி நேரம் தாங்கும்படி அடைக்கப்படுகின்றன. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்யப்படுவது. உப்பு ஆண்டுக்கணக்கில் போல்ட்டையும் இணைப்பையும் அரிப்பதை அது சொல்லாது. தனுஷ்கோடியில் 2017-இல் திறக்கப்பட்ட அரிச்சல்முனைச் சாலையில் போய் வந்த காரின் அடிப்பகுதியைக் கையால் தடவிப் பாருங்கள், ஈரமான உப்புமணல் ஒட்டும். அன்றே நல்ல தண்ணீரால் அலசுங்கள். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கம்பிகளின் இணைப்புகள் மேல் அழுத்தக் குழாயை நேராகப் பிடிக்காதீர்கள். ஆண்டுக்கொருமுறை சர்வீஸில் பேட்டரிப் பெட்டியின் அடித்தகட்டையும் போல்ட்டுகளையும் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். உத்தரவாதம் கோரும் நாளில் அந்தத் தாள் உதவும்.

புயலில் கடல்நீர் புகுந்து கார் மூழ்கியிருந்தால், நீர் வடிந்த பிறகும் அதை இயக்கவோ சார்ஜில் போடவோ கூடாது. 2022-இல் இயன் புயலுக்குப் பின் ஃபுளோரிடாவில் அப்படி மூழ்கிய சில கார்கள் நாட்கள் கழித்துத் தீப்பிடித்தன. உப்பு உள்ளே மின்பாதை போட்டுவிடுவதே காரணம். காரை இழுவை வண்டியால் வீட்டிலிருந்தும் கூரைக் கொட்டகையிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 50 அடியாவது தள்ளி வெட்டவெளியில் நிறுத்திவிட்டு, நிறுவனத்தின் ஆட்கள் வந்து பார்க்கும்வரை பக்கத்தில் யாரையும் விடாதீர்கள்.